பெருவிரலில் ஒட்டிய மை

மறியற்சாலையின் பார்வையாளர் புத்தகத்தில் வெள்ளம் வந்த மாதத்தின் பக்கத்தைப் புரட்டியபோதுதான் அந்த எண்ணம் எனக்கு வந்தது. "பார்வையிட்டோம். முறைப்பாடு எதுவுமில்லை." இங்கிலீசில் ஒரே வரி, கீழே இரண்டு கையெழுத்து. அதற்கு முந்திய மாதமும் அதே வரி, அதற்கு முந்தியதும் அதே. விரலை நனைத்து நனைத்து முன்பக்கம் வரை போய்விட்டேன். மூன்று வருடமாக ஒரே வரி, ஒரே சாய்வான எழுத்து. வெள்ள மாதத்தில் அந்த மறியலுக்குள் முழங்காலுக்கு மேலே தண்ணீர் நின்றதை எங்கள் கரையோரத்தில் அறியாதவர் இல்லை. உள்ளே இருந்தவர்கள் இரண்டு நாள் கம்பியைப் பிடித்தபடி நின்றார்கள் என்று தேநீர்க் கடைகளில் கதைத்தார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூடச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லையாம்.

மறியல் எந்த ஊரில் இருக்கிறது என்று எழுதமாட்டேன். நான் எழுதப்போகிற மனிதர் இன்னும் அதற்குள்தான் இருக்கிறார்.

நீதவான் வழக்குக் கேட்கிற கோட்டுக்குப் பின்னால் ஓடு போட்ட நீளக் கட்டடம் அது. வழக்கு முடியும்வரை ஆட்களை வைத்திருக்கிற இடம். மாதம் ஒருமுறை ஊரவர் இருவர் போய்ப் பார்த்து, உள்ளே இருப்பவர்களின் முறைப்பாட்டைக் கேட்டுப் புத்தகத்தில் எழுதவேண்டும் என்பது சட்டம். அந்த இருவரில் ஒருவர் கல்முனைக்குடியில் நெல் ஆலை வைத்திருக்கும் என் தாய்மாமா. மற்றவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மெதடிஸ்ட் சபைக்காரர். மாமாவுக்கு இங்கிலீசு எழுத வராது. நான் எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணிவிட்டு, ஆசிரியர் நியமனக் கடிதத்துக்காக நாளுக்கு இரண்டு தரம் தபாற்கந்தோருக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். மிச்ச நேரம் ஆலையில் இருந்து, நெல் குத்த வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பேன். என் தொந்தரவு தாங்காமல்தான் மாமா என்னைப் பார்வைக்குக் கூட்டிப்போகத் தொடங்கினார்.

பார்வை நாளில் மறியல் முற்றத்தில் புதுக் கடல்மணல் கொட்டிப் பரவியிருக்கும், கலியாண வீடு மாதிரி. அந்த மணலைக் கூடையில் சுமந்து கொட்டியவர்கள் உள்ளே இருப்பவர்கள்தான் என்று எனக்குப் பிறகுதான் தெரியும். பெரியவர்கள் இருவரும் மேசைக்கு முன்னால் உட்காருவார்கள். ஜெயிலர் ஆட்களை வரிசையில் நிறுத்துவார். தலைமையாசிரியர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, "ஏதும் முறைப்பாடு இருக்கா?" என்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல எல்லாரும் சேர்ந்து, "ஒண்டுமில்ல ஐயா" என்பார்கள். பிறகு தேத்தண்ணி வரும், வாழைப்பழம் வரும். நாங்கள் எழும்பிய பிறகு ஒரு காவலாளி வரிசையில் போய், ஒவ்வொருவரும் கையை விரித்துக் காட்டச் சொல்லுவான். நாங்கள் பீடி, நெருப்புப்பெட்டி ஏதும் கொடுத்தோமா என்று பார்க்கிறதாம். அதை என் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் என் மண்டையில் ஏறவில்லை.

வெள்ளப் பக்கத்தைக் கண்ட அன்றிலிருந்து ஒரு மாதம் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காவலாளியை வைத்துக்கொண்டு கேட்டால் யார் வாய் திறப்பான்? தனித்தனியே கேட்கவேண்டும். இங்கிலீசில் எழுதினால் சொன்னவனுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, கைநாட்டு வாங்கவேண்டும். அரசமொழி எது என்பதைப் பற்றிக் கதைக்காத கடையே இல்லாத காலம் அது. அந்தச் சூடும் எனக்குள் இருந்தது. காருக்குள் என் திட்டத்தை ஒரே மூச்சில் சொன்னபோது மாமா சிரித்தார்.

"எண்ட மருமகன் ஒரு நாளைக்கு இந்த மறியலுக்கே அதிகாரியா வருவான். இல்லாட்டி உள்ளுக்குப் போவான்."

அது நோன்பு மாதம். தேத்தண்ணி இல்லாததால் பார்வை வழக்கத்தைவிடச் சுருக்கமாக முடிந்துவிடுமோ என்று நான் அவசரப்பட்டேன். ஆட்களுடன் தனியே கதைக்கலாமா என்று ஜெயிலரிடம் கேட்டேன். அவர் வெளியூர்க்காரர். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. "ஓம் தம்பி, தாராளமாகக் கதையுங்கள்" என்று, பின் விறாந்தையில் எனக்கு மேசையும் கதிரையும் போடுவித்து, புத்தகத்தையும் மைப்பெட்டியையும் தானே கொண்டுவந்து வைத்தார். அவ்வளவு இலகுவாகக் கிடைத்ததை நான் என் சாமர்த்தியம் என்று நினைத்தேன்.

பன்னிரண்டு பேர். முதல் பதினொரு பேரும் என் முகத்தையே பார்க்காமல், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவன் மட்டும் நான் கலியாணம் முடித்துவிட்டேனா என்று கேட்டான். பன்னிரண்டாவதாக வந்தவர் சாய்ந்தமருதுக்காரர், கரைவலை இழுக்கிறவர், நாற்பது வயதிருக்கும். வலை போடுகிற முறைக்காகக் கடற்கரையில் நடந்த அடிபிடியில் பிடிபட்டவர். பிணை எடுக்க ஆள் இல்லாமல் பதினான்கு நாளுக்கு ஒருமுறை கோட்டுக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். அவர் உட்காரவில்லை. வலது கையைச் சாறன் மடிப்புக்குள் வைத்திருந்தார்.

"தம்பி, நான் ஒண்டும் சொல்லல்லண்டு எழுதிக்கங்க. ஆனா கேளுங்க" என்றார்.

அவர் தாழ்ந்த குரலில் சொன்னது இவ்வளவுதான். மறியல் சோறு பின்னேரம் நாலு மணிக்குக் கொடுக்கப்படும். நோன்புகாரன் அந்த நேரம் சாப்பிட ஏலாது. வீட்டிலிருந்து வரும் கஞ்சியில் நோன்பைத் திறந்துவிட்டு, இந்தச் சோற்றை விடியமுன் சாப்பிடும் சஹருக்கென்று பாய்க்குப் பக்கத்தில் மூடி வைப்பார். கம்பிக் கூட்டுக்குள் சோறு வைத்தால் எலி வரும் என்று ஒரு காவலாளி அதை எடுத்து நிலத்தில் கொட்டினான். மூன்றாம் நாளும் அப்படிக் கொட்டியபோது, நோன்புக்கென்று வைத்தது என்று இவர் சட்டியைப் பிடித்திருக்கிறார். சாவிக்கொத்தால் கையில் அடித்தான். மடிப்பிலிருந்து கையை எடுத்துக் காட்டினார். இரண்டு விரல்கள் கத்தரிக்காய் மாதிரி வீங்கிப்போயிருந்தன.

எனக்கு அப்போது வந்தது இரக்கம் என்று சொன்னால் பொய். சந்தோசம்தான் வந்தது. மூன்று வருடத்தில் முதல் முறைப்பாடு, என் கையால். இதை எழுதத்தான் வேண்டும், எழுதாவிட்டால் காற்றோடு போய்விடும் என்று அவரோடு வாதாடினேன். எழுதி வாசித்துக் காட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் கைநாட்டு இல்லாத காகிதத்தை எந்தக் கந்தோரும் தொடாது. காணி உறுதியோ கூப்பன் மனுவோ, பெருவிரல் இருக்கவேண்டும். ஆலையில் இருந்து எத்தனை பேருடைய விரலைப் பிடித்து அழுத்தியிருப்பேன். மைப்பெட்டியைத் திறந்தேன்.

"இந்தப் புத்தகம் எங்க இரிக்கும்?" என்று அவர் கேட்டார்.

"இஞ்சதான் காக்கா" என்றேன், அண்ணன் முறை வைத்து. "பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்டிரிக்கி. ஒருத்தராலயும் கிழிக்க ஏலா."

"கிழிக்க ஏலா" என்று அவர் திருப்பிச் சொன்னார். "வாசிக்க ஏலும்தானே."

நான் மைப்பெட்டியை அவர் பக்கம் தள்ளினேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இடது கையை நீட்டினார். ஏன் நீட்டினார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நான் விரலைப் பிடித்து உருட்டி ஒற்றினேன். வடிவான அடையாளம். நடுவில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. மீன் வெட்டுகிற கத்தி பட்ட பழைய தழும்பு என்றார்.

உள்ளே போகும்போது அவர் விரலைச் சாறனில் துடைத்தார். பிறகு சுவரில் தேய்த்தார். நீல மை சுண்ணாம்பில் ஒரு கீறாக நின்றது, விரலிலிருந்து போகவில்லை.

நான் வெற்றி பெற்றவன் மாதிரிப் புத்தகத்தை மாமாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்குப் பள்ளிவாசலுக்குப் போகிற அவசரம். வாசிக்காமலே கையெழுத்து வைத்தார். தலைமையாசிரியர் வாசித்தார், என்னைப் பார்த்தார், கையெழுத்து வைத்தார். நாங்கள் வாசல் படலையைக் கடக்கும்போதுதான் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது.

"கையை விரி."

திரும்பிப் பார்த்தேன். வரிசையில் பன்னிரண்டு பேர் இருபத்துநாலு கைகளை நீட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரே ஒரு பெருவிரல் நீலம். காவலாளி அந்தக் கைக்கு முன்னால் நின்றுவிட்டான். ஜெயிலர் என்னைப் பார்த்துத் தலையை அசைத்து விடைகொடுத்தார். புத்தகத்தை யாரும் திறக்கவே தேவையிருக்கவில்லை.

அன்று நோன்பு திறக்கும்போது கஞ்சிக் கோப்பையை அப்படியே தள்ளிவைத்தேன். உம்மா காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தா. நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஒன்றும் நடந்திருக்காது, பக்க இலக்கம் போட்ட அரசாங்கப் புத்தகம் என்று எனக்கே சொல்லிக்கொண்டு மூன்று நாள் போனது. ஆலையில் ஒரு கிழவி மனு எழுத வந்து விரலை நீட்டியபோது, பேனையை மூடிவிட்டு, நாளைக்கு வாங்க என்று அனுப்பினேன்.

நாலாம் நாள் அவருடைய மனைவி ஆலைக்கு வந்தா. இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் தூக்குச்சட்டி. தவிடு பறக்கிற இடத்தில் முக்காட்டை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, என்னை மேலும் கீழும் பார்த்தா.

"மை பூசின தம்பி நீங்களா?"

ஓம் என்றேன். அவ சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவ சொன்னது இது. தினமும் பொழுதுபட்டுத் தொழுகிற மஃரிபுக்கு முந்திக் கஞ்சியும் ஒரு பேரீச்சம்பழமும் படலையில் கொடுப்பா. அடுத்த நாள் சட்டி வெறுமையாகத் திரும்பி வரும், உள்ளே பேரீச்சங்கொட்டை கிடக்கும். அந்தக் கொட்டைதான் அவர் சாப்பிட்டார் என்பதற்கு அவர்களுக்குள் அடையாளம். பார்வை நாளுக்குப் பிறகு சட்டி கழுவித் துடைத்து வந்தது, கொட்டை இல்லை. நேற்று கஞ்சி ஆடை படிந்தபடியே திரும்பி வந்தது. பின்கூட்டில் தனியே போட்டிருக்கிறது, ஒழுங்கு மீறியதற்கு என்று படலைக் காவலாளி சொன்னானாம்.

"நீங்க மாசத்துல ஒரு மணித்தியாலம் உள்ளுக்கு இரிக்கீங்க. மிச்ச நாளெல்லாம் அவர் ஆரோட இரிக்கிற?" என்று கேட்டா. பிள்ளை தூக்குச்சட்டி மூடியைத் தட்டித் தட்டி விளையாடியது. "இப்ப அதை அழிக்க ஏலுமா தம்பி?"

அழிக்க ஏலாது என்று பெருமையாகச் சொன்னவன் நான்தான்.

அவ போனதும் உடனே மறியலுக்குப் போனேன் என்று எழுத ஆசை. போகவில்லை. மறியல் பக்கமாகச் சைக்கிளில் இரண்டு தரம் போய், இரண்டு தரமும் நிற்காமல் கடற்கரை வரை மிதித்துக்கொண்டு போனேன். நியமனத்துக்குப் பொலிஸ் நற்சான்று வேண்டும் என்பது ஒவ்வொரு மிதிக்கும் நினைவுக்கு வந்தது. மூன்றாம் தரம் படலைக்கு முன்னால் சங்கிலி கழன்றது. இறங்கத்தான் வேண்டியிருந்தது. இறங்கியதை என் துணிச்சல் என்று யாரும் நினைக்கவேண்டாம்.

ஜெயிலர் எனக்குக் கதிரை போட்டார். முற்றத்துக் கடல்மணல் எல்லாம் சப்பாத்துக் காலால் மிதிபட்டுக் கறுத்துப்போயிருந்தது. வழக்கமாக ஆள் வந்தால் கூட்டுக்குள்ளிருந்து பீடி கேட்பார்கள், பகிடி விடுவார்கள். அன்று ஒரு இருமல்கூட இல்லை. போன பார்வையில் எழுதியதில் ஒரு பிழை இருக்கிறதோ என்று சந்தேகம், பார்க்கலாமா என்றேன். சொல்லும்போதே என் பொய் எனக்குக் கேட்டது. அவர் மேசை லாச்சியைத் திறந்து புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தை விரித்தே தந்தார்.

நான் எழுதியதன் கீழே நல்ல எழுத்தில் ஒரு வரி இருந்தது. முறைப்பாட்டுக்காரர் தமது முறைப்பாட்டைச் சுயவிருப்பத்தோடு மீளப்பெறுகிறார் என்று. தமிழில்தான். கீழே ஒரு கைநாட்டு.

"நல்ல மனிசன். யோசித்துப் பார்த்துத் தானே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்" என்றார் ஜெயிலர்.

நான் தலையைக் குனிந்து பார்த்தேன். மேலே என் கையால் ஒற்றிய அடையாளத்தில் குறுக்கே வெள்ளைக் கோடு. கீழே இருந்ததில் கோடு இல்லை. விரல் வரிகள் ஒழுங்காக, முறியாமல், சுழன்று சுழன்று போயின. அது வேறு யாருடையதோ விரல். அவரே பயந்து மீளப்பெற்றிருந்தால் அவருடைய விரலையே வைத்திருக்கலாமே. வேறு விரல் ஏன் தேவைப்பட்டது? அவர் மாட்டேன் என்றிருக்கவேண்டும். இல்லாவிட்டால், விரல் வைக்கக்கூடிய நிலையில் அந்தக் கை இல்லை. எது என்று எனக்குத் தெரியாது. இரண்டில் எதை விரும்பவேண்டும் என்றும் தெரியவில்லை.

ஆளைப் பார்க்கலாமா என்று கேட்டேன். பார்வை நாள் மாதத்துக்கு ஒன்றுதான், சட்டம் நீங்கள் படித்திருப்பீர்களே என்றார். புத்தகத்தை வாங்கி லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார்.

"தம்பியின் கையெழுத்து வடிவான கையெழுத்து. எங்கே கண்டாலும் எனக்கு அடையாளம் தெரியும்."

நான் நன்றி சொன்னேன். உண்மையாகவே, நன்றி என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

புத்தகத்தின் முன்னட்டைக்குள் அச்சடித்த ஒரு தாள் ஒட்டியிருக்கும். முதல் மாதமே அதை நான் வாசித்திருந்தேன். பார்வையாளர் இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டால் நீதவானுக்கு நேரே எழுதலாம், அவர் புத்தகத்தையும் ஆளையும் தமக்கு முன்னால் கொண்டுவரச் சொல்லலாம். அந்த மறியலில் யாரும் அப்படி எழுதியதாகத் தெரியவில்லை. நான் அன்றே கடிதத்தை எழுதினேன். இரண்டு அடையாளங்களும் ஒரே விரலுடையவையா என்று பார்க்கவேண்டும், அந்த மனிதரின் விரலை நீதவானுக்கு முன்னால் மீண்டும் வைப்பித்துப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான் அதில். வேறு ஒரு சொல்லும் கூட்டவில்லை. எனக்கு அது புதுப் பழக்கம்.

தலைமையாசிரியரிடம் முதலில் போனேன். அவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, மேசையில் வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டார். வெள்ள மாதத்தைப் பற்றிக் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது, ஆனால் வாய் முந்திவிட்டது.

"அந்த மாதம் நான் போகேல்ல தம்பி" என்றார். "எனக்குத் தண்ணியெண்டால் பயம். புத்தகம் தோணியில வந்தது. வாசல் படியில நிண்டு கையெழுத்துப் போட்டனான். தோணிக்காரன்தான் சொன்னான், உள்ள ஆக்கள் நிக்கிறாங்கள் எண்டு."

புத்தகத்துக்குத் தோணி கிடைத்திருக்கிறது. அவர் அதை என்னிடம் சொன்னபோது என்னைப் பார்க்கவில்லை. பேனையை எடுத்துக் கையெழுத்து வைத்தார். அது வழக்கமான சாய்வாக வரவில்லை. சரியில்லையே என்று அதன் கீழே இன்னொருமுறை வைத்தார்.

மாமா கையெழுத்து வைக்கவில்லை. கைநாட்டு விசயம் அவருக்கு அப்போதுதான் தெரியவந்தது. ஆலை இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு என்னை ஏசினார். எனக்கு நியமனம் கிடைக்காது, ஆலை உரிமப் பத்திரம் புதுப்பிக்கப்படாது, என் உம்மாவுக்கு யார் பதில் சொல்வது என்றெல்லாம் சொன்னார். எல்லாம் சரிதான். கடைசியாகச் சொன்னார்:

"அந்த மனிசன்ட ஊட்டுக்கு நான் அரிசி அனுப்புறன், பெருநாளைக்குப் புடவை அனுப்புறன். கடதாசி அனுப்பமாட்டன்."

அரிசி அன்றைக்கே போய்விட்டது. அரை மூட்டை. அதைக் கொண்டுபோன வண்டிக்காரனிடம் அந்தப் பெண் கேட்டது ஒன்றுதானாம், கோட்டு நாள் எப்போதென்று அந்தத் தம்பிக்குத் தெரியுமா என்று.

எனக்குத் தெரியும். பதினான்கு நாள் நாளையோடு முடிகிறது. நாளைக்கு அவரை நீதவானுக்கு முன்னால் கொண்டுவந்தே ஆகவேண்டும். இதை எழுதும்போது பின்னேரத்து அசர் தொழுகை முடிந்துவிட்டது. கஞ்சி வாசம் வருகிறது. சட்டி இன்றைக்கும் நிறையத்தான் திரும்பி வந்ததா என்று கேட்கப் போகவில்லை. நோன்பு திறந்ததும் மாமாவிடம் இன்னொருமுறை போவேன். வயிறு நிறைந்திருக்கும்போது அவர் கொஞ்சம் இளகுவார். அவர் கையெழுத்து வைக்காவிட்டால், தலைமையாசிரியரின் ஒரு கையெழுத்தோடும், அதன் கீழே என்னுடையதோடும் கடிதத்தைக் கொடுக்கப்போகிறேன். ஒன்று போதாது என்று, மனுக்களை வாங்குகிற கோட்டு முதலியார் அதை என் முகத்திலேயே எறியலாம். எறிந்தால், வழக்கைக் கூப்பிடும்போது எழும்பிச் சொல்லிப்பார்ப்பேன். உட்காரச் சொல்லுவார்கள். எத்தனை சொல் சொல்ல விடுவார்கள் என்று தெரியாததால், முதல் நாலு சொல்லை மட்டும் பாடமாக்கி வைத்திருக்கிறேன்: "ஐயா, பெருவிரலைப் பாருங்கள், இரண்டையும்."

ஆலை மைப்பெட்டியைச் சட்டைப் பைக்குள் வைத்திருக்கிறேன். துடைப்பதற்கு மண்ணெண்ணெய் நனைத்த ஒரு துணியும் கூடவே.

கோடு ஒன்பது மணிக்குக் கூடும். எட்டு மணிக்கே போய், கோட்டுப் பின்முற்றத்துக் கிணற்றடியில் நிற்பேன், நீங்களும் வாங்க என்று அவருடைய மனைவிக்குச் சொல்லியனுப்பியிருக்கிறேன். மறியல் கதவிலிருந்து கோட்டுப் படி வரை முப்பது கவடு நடை இருக்கும். அவ பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவா. அவர் திரும்புவார். அப்போது நான் முகத்தைப் பார்க்கப்போவதில்லை, கைகளைத்தான்.